யாருக்கு நோய் வரவில்லை? மலேசியாவில் நிபா வைரஸ் பிடிபட்ட கதை: ஒரு நிகழ்வு ஆய்வு

1998 செப்டம்பர் இறுதி. மலேசியாவின் பேராக் மாநிலத்தில், ஈப்போ நகரை ஒட்டிய கிந்தா வட்டாரத்துப் பன்றிப் பண்ணைகளில் வேலை செய்தவர்களுக்குக் காய்ச்சல் வரத் தொடங்கியது. காய்ச்சல், தலைவலி, தலைச்சுற்றல், வாந்தி என்று தொடங்கி சில நாட்களில் நினைவு தப்பியது. சிலர் மீண்டார்கள், சிலர் இறந்தார்கள். டிசம்பரில் நோய் நெகிரி செம்பிலான் மாநிலத்தின் சிக்காமாட்டில் தென்பட்டது. அங்கிருந்து நாட்டின் மிகப் பெரிய பன்றி வளர்ப்புப் பகுதியான புக்கிட் பெலாண்டோக்கில் வெடித்தது. ஓய்வதற்குள் மலேசியாவில் 265 பேருக்கு மூளை அழற்சி வந்து, 105 பேர் இறந்திருந்தனர்.

இந்த நோய்க்குக் காரணமான வைரஸைப் பிரித்தெடுத்தவர் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவர் சுவா காவ் பிங். அடுத்த பத்தாண்டுகள் அவருடைய ஆராய்ச்சி இதைச் சுற்றியே நடந்தது. மருத்துவரின் கண்ணும் ஆய்வகக்காரரின் பொறுமையும் ஒரே ஆளிடம் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு. ஆனாலும் இதை ஒரு தனி மனிதரின் சாகசமாகச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. அவருக்கு முன்னால் சந்தேகப்பட்ட மருத்துவர்கள், பின்னால் நின்ற பேராசிரியர்கள், பன்றியின் நுரையீரலை அறுத்துப் பார்த்த கால்நடை மருத்துவர்கள் எல்லோரும் சேர்ந்த கதை இது.

முதல் முடிவு: ஜப்பானிய மூளைக் காய்ச்சல்

அதிகாரிகள் முதலில் ஜப்பானிய மூளைக் காய்ச்சல் என்றுதான் சொன்னார்கள். இதைக் கேட்டதும் இப்போது பலர் உச்சுக் கொட்டுவார்கள். அன்றைய நிலையில் அது அபத்தமான முடிவு இல்லை. அந்த நோயின் வைரஸ் பன்றிகளின் உடம்பில் பெருகும். கியூலெக்ஸ் கொசு பன்றியைக் கடித்துவிட்டு மனிதரைக் கடிக்கும்போது நோய் தொற்றும். மலேசியாவில் அது ஏற்கெனவே இருந்த நோய். பன்றிப் பண்ணை, மூளைக் காய்ச்சல் என்ற இரண்டையும் சேர்த்துக் கேட்டால் ஆசியாவில் பயிற்சி பெற்ற எந்த மருத்துவருக்கும் அந்தப் பெயர்தான் முதலில் வாயில் வரும். நம் ஊரிலும் அப்படித்தான். இந்தியாவில் இந்த நோய் முதன்முதலாக இனங்காணப்பட்டதே 1955இல் வேலூரில்.

இன்னொன்றும் இருந்தது. நோயாளிகள் சிலரின் இரத்தத்தில் ஜப்பானிய மூளைக் காய்ச்சலுக்கு எதிரான ஆன்டிபாடிகள், அதாவது அந்தக் கிருமியை எதிர்க்க உடம்பு உருவாக்கும் புரதங்கள், இருந்தன. பரிசோதனைத் தாளே சொன்ன பிறகு யார் மறுப்பார்கள்? ஊரெல்லாம் கொசுப் புகை அடித்தார்கள். ஆட்களுக்கும் பன்றிகளுக்கும் தடுப்பூசி போட்டார்கள்.

அந்தப் பரிசோதனைத் தாளில்தான் சிக்கல். ஒரு நோய் பல ஆண்டுகளாக இருக்கும் நாட்டில், அதுவும் தடுப்பூசி போட்டுக்கொண்டிருக்கும் வேளையில், பலருடைய இரத்தத்தில் அந்த ஆன்டிபாடி இருக்கத்தான் செய்யும். அது இருப்பதால் இப்போதைய காய்ச்சலுக்குக் காரணம் அதுதான் என்று ஆகிவிடாது. சொல்வதற்கு எளிது. மரணங்கள் குவியும் நேரத்தில் கையில் கிடைத்த ஒரு விடையைக் கீழே வைப்பது எளிதல்ல.

பொருந்தாத விஷயங்கள்

ஜப்பானிய மூளைக் காய்ச்சல் பெரும்பாலும் குழந்தைகளைப் பிடிப்பது. இங்கே படுத்தவர்கள் பெரியவர்கள். மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனையில் ஆராயப்பட்ட 94 நோயாளிகளின் சராசரி வயது 37. ஒரு பெண்ணுக்கு நாலரை ஆண் என்ற கணக்கு. கொசு ஆண் பெண் பார்த்தா கடிக்கும்?

அப்புறம், ஜப்பானிய மூளைக் காய்ச்சல் வைரஸ் உடம்பில் புகுந்தவர்களில் நூற்றில் ஒருவருக்குக்கூட மூளை பாதிக்காது. ஆகவே ஒரே வீட்டில், ஒரே பண்ணையில் இரண்டு மூன்று பேர் அடுத்தடுத்துப் படுப்பது மிக அரிது. இங்கே அது சர்வ சாதாரணமாக நடந்தது. தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களும் படுத்தார்கள்.

எல்லாவற்றையும்விடக் கனமான கேள்வி, யாருக்கு நோய் வரவில்லை என்பது. நோயாளிகளில் பெரும்பாலோர் சீனர்கள். பண்ணை வேலைக்குப் போன இந்திய வம்சாவளியினரும் இருந்தார்கள். அக்கம்பக்கத்தில் வசித்த, பன்றியைத் தொடாத மலாய் முஸ்லிம்களுக்கு நோய் அநேகமாக வரவே இல்லை. கொசுவுக்கு வேலி கிடையாது. பண்ணையில் கடித்த கொசு பக்கத்து மலாய்க் கிராமத்திலும் கடித்திருக்கும். அந்த 94 பேரில் 93 விழுக்காட்டினர் பன்றிகளுடன் நேரடியாகப் புழங்கியவர்கள், அதுவும் பெரும்பாலும் நோய் வருவதற்கு முந்தைய இரண்டு வாரங்களுக்குள். கொசு நடுவில் இல்லை, பன்றியிடமிருந்து நேராக மனிதருக்கு வருகிறது என்பதை இந்த ஒரு கணக்கே உரக்கச் சொல்லியது. பெரிய கருவி எதுவும் இதற்குத் தேவைப்படவில்லை. நோயாளியிடம் என்ன வேலை செய்கிறீர்கள், பக்கத்து வீட்டுக்காரர் எப்படி இருக்கிறார் என்று கேட்டாலே போதும்.

படுக்கையருகே கிடைத்த தடயங்களும் உண்டு. சுமார் மூன்றில் ஒரு பங்கு நோயாளிகளுக்குக் கழுத்து, கை, உதரவிதானம் போன்ற தனித்தனித் தசைகள் வெட்டி வெட்டி இழுத்தன. இரத்த அழுத்தமும் இதயத் துடிப்பும் தாறுமாறாக ஏறின. அனிச்சைச் செயல்கள் மறைந்தன. மூளைத்தண்டு தாக்கப்படுகிறது என்பதற்கான அடையாளங்கள் இவை. நரம்பியல் பேராசிரியர் தான் சொங் தின் உள்ளிட்ட மலாயாப் பல்கலைக்கழகக் குழுவினர் இவற்றைத் துல்லியமாகப் பதிந்து வைத்தார்கள். அந்தப் பதிவு பின்னாளில் வேறொரு நாட்டில் கைகொடுத்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

பன்றிகளும் வேறு கதை சொல்லின. ஜப்பானிய மூளைக் காய்ச்சலில் பன்றிகளுக்குக் கருச்சிதைவு ஏற்படலாம், மற்றபடி அவை நோயுற்றதாகத் தெரியாது. இங்கே பன்றிகள் நாய் குரைப்பது போல இருமின. தொலைவிலிருந்தே கேட்கும் என்பதால் அதற்கு ‘ஒரு மைல் இருமல்’ என்று பெயர் வந்தது. ஆனால் குட்டிகளைத் தவிர்த்துப் பார்த்தால் நூற்றுக்கு ஐந்து பன்றிகூடச் சாகவில்லை. மந்தை மந்தையாகச் செத்திருந்தால் கால்நடைத் துறை முதல் மாதமே ஓடி வந்திருக்கும். இருமினாலும் உயிரோடு இருந்த பன்றியை விற்கலாம், விற்றார்கள். பேராக்கில் பயம் பரவியபோது அங்கிருந்த பன்றிகள் தெற்கே கைமாறின. நோயும் லாரியேறிப் போனது.

சுங்கை நிபாவிலிருந்து வந்த மாதிரி

1999 மார்ச் முதல் வாரம். புக்கிட் பெலாண்டோக் பகுதியில் உள்ள சுங்கை நிபா கிராமத்துப் பன்றி வளர்ப்பாளர் ஒருவரின் தண்டுவட நீர் மலாயாப் பல்கலைக்கழக நுண்ணுயிரியல் துறைக்கு வந்தது. சுவா அப்போது பேராசிரியர் லாம் சாய் கிட் தலைமையில் வைரஸியல் படித்துக்கொண்டிருந்தார். மாதிரியைக் குரங்குச் சிறுநீரகத்திலிருந்து பெறப்பட்ட வீரோ செல்களில் இட்டு வளர்த்தார்.

ஐந்து நாட்களுக்குள் செல்கள் உருமாறின. வீரோ செல்கள் சாதாரணமாகத் தனித்தனியாக, ஓரம் தெளிவாக, தரை ஓடு பதித்தாற்போல் பரவியிருக்கும். இங்கே பக்கத்துப் பக்கத்துச் செல்கள் சுவர் கரைந்து ஒன்றோடொன்று கலந்து, உள்ளே பல உட்கருக்கள் கொண்ட பெரிய பெரிய திட்டுகளாகிக் கிடந்தன. ஜப்பானிய மூளைக் காய்ச்சல் வைரஸ் வேலை செய்யும் விதம் இதுவல்ல. தட்டம்மை வைரஸ் சார்ந்த பாராமிக்ஸோ குடும்பத்துக்குத்தான் இப்படிச் செல்களை ஒட்ட வைக்கும் பழக்கம் உண்டு. ஆனால் கைவசம் இருந்த சோதனைப் பொருட்கள் எதிலும் அது சிக்கவில்லை.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். இன்று நிபா வைரஸை உயிரோடு வளர்க்க மிக உயர்ந்த நான்காம் நிலைப் பாதுகாப்பு ஆய்வகம் வேண்டும். அன்று என்ன வளர்கிறது என்றே தெரியாமல் ஒரு சாதாரண மருத்துவ ஆய்வகத்தில்தான் அந்த வேலை நடந்தது. புதிய வைரஸை முதலில் தொடுகிறவர்களின் நிலைமை எப்போதும் அதுதான்.

சுவா மாதிரிகளுடன் அமெரிக்காவுக்குப் பறந்தார். கொலராடோ மாநிலத்தின் ஃபோர்ட் காலின்ஸில் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் ஆய்வகம் இருக்கிறது. கொசு, உண்ணி வழி பரவும் வைரஸ்களுக்கானது. கொசு நோய் என்று நம்பியிருந்த காலத்தில் அங்கே போனது இயல்பே. அங்கே எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்ததும் விஷயம் தெளிவாகிவிட்டது: பாராமிக்ஸோ வைரஸ்! பிறகு அட்லாண்டா தலைமையகத்தில் நடந்த சோதனைகளில், ஹெண்ட்ரா வைரஸுக்கு எதிரான ஆன்டிபாடிகள் இதையும் பிடித்துக்கொண்டன.

ஹெண்ட்ரா 1994இல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரப் புறநகரில் பந்தயக் குதிரைகளையும் அவற்றின் பயிற்சியாளரையும் கொன்ற வைரஸ். அதன் பிறப்பிடம் பழந்தின்னி வௌவால்கள் என்பது 1999க்குள் ஏறக்குறைய உறுதியாகிவிட்டிருந்தது. ஆகவே மலேசிய வைரஸ் ஹெண்ட்ராவின் நெருங்கிய உறவு, ஆனால் அதுவே அல்ல என்று தெரிந்ததும் அடுத்து எங்கே தேடுவது என்பதும் தெரிந்துவிட்டது. ஆஸ்திரேலியர்கள் ஐந்து ஆண்டு உழைத்துக் கண்டதை மலேசியா சில வாரங்களில் பயன்படுத்திக்கொண்டது.

புதிய வைரஸுக்கு நோயாளியின் கிராமத்துப் பெயரே வைக்கப்பட்டது. இன்றைக்கு அப்படி வைக்க முடியாது. ஊர்ப் பெயரை நோய்க்கு இடக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. சுங்கை நிபா மக்களுக்கு அது பதினாறு ஆண்டு தாமதம்.

அதே மார்ச் மாதத்தில் சிங்கப்பூரில் இறைச்சிக்கூடத் தொழிலாளர்கள் 11 பேருக்கு இதே தொற்று வந்தது, ஒருவர் இறந்தார். மலேசியப் பன்றிகளைக் கையாண்டவர்கள் அவர்கள். பன்றியிடமிருந்து நேரடியாக வருகிறது என்ற முடிவுக்கு இதைவிடச் சுத்தமான சான்று கிடைத்திருக்காது.

பன்றிகளைக் கொன்றது

எதிரி யார் என்று தெரிந்ததும் நடவடிக்கை மாறியது. கொசுப் புகைக்குப் பதிலாக ராணுவம் வந்தது. ஏப்ரல் இறுதிக்குள் ஏறக்குறைய 900 பண்ணைகளில் சுமார் 9 லட்சம் பன்றிகள் கொல்லப்பட்டன. பிறகு நடந்த கண்காணிப்பில் தொற்று தெரிந்த பண்ணைகளையும் சேர்த்தால் மொத்தம் 10 லட்சத்தைத் தாண்டும். இந்த வேலைக்கு அனுப்பப்பட்ட படைவீரர்களிலும் சிலருக்குத் தொற்று வந்தது.

நோய் நின்றது. 1999க்குப் பிறகு மலேசியாவில் மனிதருக்கு நிபா வந்ததாகப் பதிவு இல்லை. ஆனால் பண்ணைக்காரர்களுக்கு என்ன மிஞ்சியது? தலைமுறையாக நடந்த தொழில் சில வாரங்களில் போனது. புக்கிட் பெலாண்டோக் பழையபடி பன்றி வளர்க்கும் ஊராக மீளவில்லை. ஆய்வுக் கட்டுரைகள் இதை ஒரு வரியில் கடந்துவிடுகின்றன.

மருந்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ரிபாவிரின் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்து கொடுத்த 140 பேரில் 32 விழுக்காட்டினரும் கொடுக்காத 54 பேரில் 54 விழுக்காட்டினரும் இறந்ததாக ஓர் ஒப்பீடு வந்தது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் சீட்டுக் குலுக்கிப் பிரித்துச் செய்த சோதனை அல்ல அது. மருந்து கிடைக்காதவர்கள் பெரும்பாலும் மருந்து வருவதற்கு முன்பே வந்தவர்கள் அல்லது மறுத்தவர்கள். பிற்பாடு நடந்த விலங்குச் சோதனைகளும் அந்த நம்பிக்கையைத் தாங்கிப் பிடிக்கவில்லை. நான் அதை நம்பிப் பேச மாட்டேன்.

தியோமான் தீவில் சிறுநீர் பிடித்தது

எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

மலேசியக் கால்நடை ஆய்வாளர்கள் 14 இனங்களைச் சேர்ந்த 324 வௌவால்களைப் பிடித்து இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். 21 வௌவால்களிடம் நிபாவுக்கு எதிரான ஆன்டிபாடி இருந்தது. அப்படியானால் வைரஸ் எப்போதோ அவற்றைத் தொட்டிருக்கிறது. ஆனால் இப்போது வைரஸைச் சுமந்து வெளியேற்றுகின்றன என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. ஜப்பானிய மூளைக் காய்ச்சல் விவகாரத்தில் ஆன்டிபாடியை நம்பி ஒருமுறை சூடுபட்டாயிற்று. உயிருள்ள வைரஸே வேண்டும்.

வௌவாலைப் பிடிப்பது கடினம். பிடித்தாலும் அந்த நாளில் அதன் உடம்பில் வைரஸ் இருக்க வேண்டுமே! சுவா வேறு வழி பார்த்தார். மலேசியாவின் கிழக்குக் கரைக்கு அப்பால் உள்ள தியோமான் தீவில் சிறு பழந்தின்னி வௌவால்கள் ஊருக்குள் மரங்களிலேயே கூட்டமாகத் தொங்கும். இரவெல்லாம் மேய்ந்துவிட்டு விடியும் முன் திரும்பும். வந்து தொங்கியதும் சிறுநீர் கழிக்கும். சுவாவின் குழு மரத்தடியில் பிளாஸ்டிக் விரிப்பை விரித்துக் காத்திருந்து, விழுந்த துளிகளைச் சேகரித்தது. வௌவால்கள் கடித்துப் போட்ட பழங்களையும் துடைத்து எடுத்துக்கொண்டார்கள். ஒரு வௌவாலைக்கூடத் தொடவில்லை.

நிபா கிடைத்தது. சிறுநீரிலிருந்து இரண்டு முறை, கடித்த பழத்திலிருந்து ஒரு முறை. 2002இல் அந்தக் கட்டுரை வந்தது. இரத்தப் பரிசோதனை தராத ஒன்றை இது தந்தது: வைரஸ் வௌவாலை விட்டு வெளியேறும் வழி. எச்சிலும் சிறுநீரும் பட்ட பழம் கீழே விழுகிறது, அதைத் தின்னும் விலங்குக்குத் தொற்றுகிறது. இதே விரிப்பிலிருந்து, அதுவரை யாரும் அறியாத தியோமான் வைரஸும் கிடைத்தது. கடலில் பெரிய வலை வீசித் திமிங்கிலம் பிடிக்கும் ஆராய்ச்சி மானியங்களின் காலத்தில், பிளாஸ்டிக் தாளை வைத்து இரண்டு வைரஸ்களைப் பிடித்த செலவுக் கணக்கை யாராவது போட்டால் தேவலை.

பிறகும் அவர் அதே பாதையில்தான் போனார். 2006இல் மலாக்காவில் கடும் காய்ச்சலும் சுவாசக் கோளாறுமாக ஒருவர் வந்தார். சில நாட்களுக்கு முன் அவர் வீட்டுக்குள் ஒரு வௌவால் பறந்து வந்ததாக விசாரணையில் தெரிந்தது. அவரிடமிருந்து பிரிக்கப்பட்டது ரியோவைரஸ் குடும்பத்தைச் சேர்ந்த புதிய வைரஸ். மலாக்கா வைரஸ் என்ற பெயரில் 2007இல் வெளியானது. வீட்டுக்குள் வௌவால் வந்ததா என்று ஒரு காய்ச்சல்காரரிடம் கேட்கத் தோன்றுவதே பழக்கத்தால் வருவது.

புகையா, மாமரமா?

வைரஸ் வௌவாலிடம் காலங்காலமாக இருந்திருக்கும். பிறகு ஏன் அப்போது வந்தது?

சுவாவும் சகாக்களும் 2002இல் ஒரு விளக்கம் தந்தார்கள். 1997-98இல் எல் நினோ வறட்சி. இந்தோனேசியாவில் காட்டை எரித்த புகை மாதக்கணக்கில் மலேசியாவை மூடியது. காட்டு மரங்கள் பூக்கவில்லை, காய்க்கவில்லை. ஏற்கெனவே காடழிப்பால் ஒதுங்கியிருந்த வௌவால்கள் பசியில் பழத் தோட்டங்களுக்கு வந்தன என்பது அவர்கள் வாதம். இந்த விளக்கம் ஊரெங்கும் பரவிவிட்டது. இன்றும் பல கட்டுரைகள் இதையே சொல்கின்றன.

தேதிதான் உதைக்கிறது. நோய் தொடங்கிய தம்பூன் பகுதிப் பெரும் பண்ணையைப் பின்னோக்கி ஆராய்ந்தபோது, 1997 தொடக்கத்திலேயே அங்கே தொற்று இருந்ததற்கான தடயங்கள் கிடைத்தன. புகை வந்ததோ அந்த ஆண்டின் பிற்பகுதியில். அந்தப் பண்ணையில் 30,000க்கும் மேற்பட்ட பன்றிகள் இருந்தன, கொட்டகைகளை ஒட்டியே மாமரங்களும் மற்ற பழ மரங்களும் நின்றன. பன்றியும் பழமும் இரட்டை வருமானம், விவசாயிக்கு அதில் தவறேதும் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

2012இல் வெளியான ஓர் ஆய்வு இதைக் கணித மாதிரியாக்கிக் காட்டியது. முதல்முறை வைரஸ் வந்தபோது மந்தை முழுவதும் ஒரே வீச்சில் தொற்றி, எரிய ஆளில்லாமல் அணைந்திருக்கும். ஆனால் தப்பிய பன்றிகளுக்கு எதிர்ப்பு சக்தி வந்துவிட்டது. தாயிடமிருந்து குட்டிகளுக்கும் தற்காலிகமாக அது கிடைக்கும், சில மாதங்களில் கரையும். இப்படி அரைகுறை எதிர்ப்பு உள்ள பெரிய மந்தைக்குள் வைரஸ் இரண்டாம் முறை வந்தபோது, ஒரேயடியாக எரிந்து தீராமல், எதிர்ப்பு கரைந்த குட்டிகளை ஒவ்வொன்றாகப் பிடித்து நீண்ட காலம் நீடித்தது. நீடித்ததால் விற்பனையாகி வெளியே போனது.

என் கணிப்பில் மாமரமும் மந்தை அளவும்தான் கனமான காரணங்கள். புகை, இருந்தால் துணைக்காரணம். வருத்தமான விஷயம் என்னவென்றால் காட்டுத்தீக் கதை கேட்கச் சுவையாக இருப்பதால் அதுவே நிற்கிறது. பண்ணை எல்லையில் பழ மரம் நடாதே என்ற, கவர்ச்சியே இல்லாத ஆலோசனை பின்னால் போய்விடுகிறது.

கோழிக்கோடு, 2018

நிபா மலேசியாவோடு நிற்கவில்லை. 2001இல் மேற்கு வங்கத்தின் சிலிகுரியில் 66 பேருக்கு வந்து 45 பேர் இறந்தனர். அங்கே பன்றியே நடுவில் இல்லை, மருத்துவமனைக்குள் மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவியது. வங்கதேசத்தில் வௌவால் நாக்கு வைத்த ஈச்சம்பனைப் பதநீர் வழியாக அடிக்கடி வருகிறது. மலேசியாவில் மனிதருக்கு மனிதர் பரவுவது அபூர்வமாகவே தெரிந்ததால், மருத்துவமனைப் பரவல் பற்றிய எச்சரிக்கை அந்த முதல் அனுபவத்திலிருந்து பலமாக எழவில்லை. முதல் பாடத்தை மட்டும் படித்தவர்களுக்கு அது ஆபத்தான அரைப்பாடம்.

2018 மே மாதம் கேரளத்தின் கோழிக்கோட்டில் ஓர் இளைஞர் மூளை அழற்சியோடு தனியார் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டார். அவருடைய தம்பி அதே மாதத் தொடக்கத்தில் இதேபோன்ற நோயால் இறந்திருந்தார். குடும்பத்தில் இன்னொருவரும் படுத்திருந்தார். இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் கட்டுக்கடங்காமல் ஏறியிருந்தன, தசைகள் வெட்டி இழுத்தன. மருத்துவர் அனூப் குமாரும் சகாக்களும் மலேசிய விவரிப்பில் இருந்த அதே படத்தைத் தங்கள் படுக்கையில் பார்த்தார்கள். ஒரே வீட்டில் அடுத்தடுத்து மூளை அழற்சி வருவது சாதாரணமல்ல என்ற எண்ணமும் சேர்ந்தது. மாதிரி மணிப்பால் வைரஸ் ஆய்வு மையத்துக்குப் போனது, அங்கே அருண்குமார் குழு நிபா என்றது. புனேயின் தேசிய வைரஸியல் நிறுவனம் மே 20 அன்று உறுதிசெய்தது.

மலேசியாவில் முதல் நோயாளியிலிருந்து சரியான பெயர் கிடைக்க ஏறக்குறைய ஆறு மாதம் ஆனது. கோழிக்கோட்டில் இரண்டாவது நோயாளி மருத்துவமனைக்கு வந்த சில நாட்களில் கிடைத்தது. இதற்குள்ளேயே முதல் நோயாளியான அந்தத் தம்பி இருந்த அரசு மருத்துவமனைகளின் வார்டுகளிலும் ஸ்கேன் அறை வாசலிலும் தொற்று பரவிவிட்டிருந்தது. அவரைக் கவனித்த செவிலியர் லினியும் இறந்தார். அந்தச் சுற்றில் ஆய்வகத்தில் உறுதியான 18 பேரில் பெரும்பாலோருக்கு நோய் வந்தது வௌவாலிடமிருந்து அல்ல, அந்த ஒரு நோயாளியின் அருகில் இருந்ததால்.